பிள்ளைகள் பேரைச் சொல்லி

சென்னையிலோ பெங்களூரிலோ பல வருடம் இருந்துவிட்டு, பால்குடிக்கும் குழந்தையும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையுமாக ஒரு குடும்பம் உடுமலைப்பேட்டைக்குக் குடிவந்தால், விசாரிப்பதற்கு முன்பே ஊர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. "வேல போயிருச்சாட்ட இருக்குது." வேலை போகவில்லை என்று தெரிந்தால் கடன் என்பார்கள். கடனும் இல்லையென்றால் குடும்பத்தில் ஏதோ சரியில்லை என்று முடிவாகும். கடைசியில் குரலைத் தாழ்த்தி, உண்மையான அக்கறையோடு ஒரு கேள்வி வரும்: "அதெல்லாஞ் சரிங் கண்ணு, புள்ளைங்க படிப்பு என்னாவறது?"

அந்தக் கடைசிக் கேள்விக்குள் ஒரு முழு நம்பிக்கையே இருக்கிறது. பிள்ளைகளுக்கு எதிர்காலம் என்றால் அது பெரிய நகரத்தில்தான். அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் முன்னேறியவர்கள். திரும்பி வருகிறவர்கள் தோற்றவர்கள். தோற்றதோடு பிள்ளைகளின் வாழ்க்கையையும் கெடுப்பவர்கள். கொங்குநாட்டில் படித்த குடும்பங்களில் இதை மறுத்துப் பேசுகிறவர்கள் மிகக் குறைவு. நான் மறுக்கிறேன். சென்னையை விட்டுக் கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் இங்கே வந்தவள் என்பதால் மட்டுமல்ல. பிள்ளைகள் பேரைச் சொல்லி நாம் நடத்திக்கொண்டிருக்கும் இந்த வாதத்தில் பிள்ளைகளுக்கு இடமே இல்லை என்பதால்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், அதை இளக்காரமாகப் பேச மாட்டேன். பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால் வருவதற்கு முன்னால் இந்தப் பக்கம் பெரும்பாலும் மானாவாரிக் காடு. சோளமும் கம்பும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்தவர்கள் எங்கள் அப்பாரு தலைமுறை. கிணற்றுக்குள் கிணறு வெட்டியும் தண்ணீர் காணாதவர்கள், ஏக்கர் கணக்கில் விற்று மகனைப் படிக்க வைத்தார்கள். அந்தப் படிப்பு அவனை ஊரை விட்டு வெளியே கொண்டுபோனது. வெளியே போனதால் பிழைத்தான். அந்தத் தலைமுறைக்கு அது சரியான கணக்கு. அந்தக் கணக்கையே அறுபது வருடம் கழித்தும், தொட்டில் குழந்தைக்கும் சேர்த்துப் போடுவதைத்தான் தவறு என்கிறேன்.

முதலில் படிப்பையே எடுத்துக்கொள்வோம். உடுமலையிலிருந்து அமராவதி அணைக்குப் போகும் வழியில் அமராவதிநகர் சைனிக் பள்ளி இருக்கிறது. 1962இல் தொடங்கியது. ஆறாம் வகுப்பில் சேர அகில இந்திய நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். சென்னையிலும் மதுரையிலும் திருச்சியிலும் இருக்கிற பெற்றோர் அதற்காகவே பிள்ளையைத் தனிப்பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். 2021 முதல் பெண் பிள்ளைகளும் சேரலாம் என்றானபின் போட்டி இன்னும் கூடியிருக்கிறது. இடம் கிடைத்துவிட்டால், பத்துப் பதினோரு வயதுப் பிள்ளையைக் கொண்டுவந்து விடுதியில் விட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே பஸ் ஏறுகிறார்கள். அப்பா அம்மா இல்லாமல் இந்த மண்ணுக்கு வந்தால் அது படிப்பு; அப்பா அம்மாவோடு வந்தால் படிப்பு கெட்டுவிடுமா?

ஒரு பள்ளியை வைத்து மட்டும் இதைச் சொல்லவில்லை. பிளஸ் டூ மதிப்பெண் என்றால் ஒரு காலத்தில் தமிழ்நாடு முழுக்க நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு என்றுதான் பேச்சு. பெரிய நகரத்துப் பிள்ளைகள் பெட்டி படுக்கையோடு அந்த விடுதிகளுக்கு வந்தார்கள். அந்தப் பள்ளிகளை நான் மெச்சவில்லை. பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல் இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே மனப்பாடம் செய்ய வைத்த வழக்கத்தைத் தடுக்கத்தான் 2017–18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவர வேண்டியிருந்தது. ஆனால் ஒன்று தெளிவாகிறது. சின்ன ஊரில் படிப்பு வராது என்று நம் பெற்றோர் உண்மையில் நம்பவில்லை. நம்பியிருந்தால் லட்சக்கணக்கில் கட்டிப் பிள்ளையை அங்கே தள்ளியிருக்க மாட்டார்கள். அவர்கள் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. அதைப் பிறகு சொல்கிறேன்.

உடுமலையில் அரசுப் பள்ளிகள் இருக்கின்றன, உதவிபெறும் பள்ளிகள் இருக்கின்றன, சிபிஎஸ்இ பள்ளிகளும் வந்துவிட்டன. பெண்கள் படிக்க ஜி.வி.ஜி. விசாலாட்சி கல்லூரி 1986இலிருந்து இருக்கிறது. அரசு கலைக் கல்லூரி அதற்கும் மூத்தது. சில வருடங்களுக்கு முன் பண்ணைக்கிணற்றில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியும் தொடங்கிவிட்டது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த வருடம் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் நீண்டது. (அது டியூஷனுக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்காக வந்தது. வசதியுள்ளவர்கள் அதைக் குறிவைத்து ஊர் மாறினால் அதைவிடக் கேவலம் வேறில்லை.) அரசுப் பள்ளி, சின்ன ஊர் என்றாலே கதவு மூடிவிடும் என்பது இன்றைய நிலவரம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆறு வயதுக் குழந்தைக்கு நகரத்துப் பள்ளி கொடுக்கிற கூடுதல் என்ன என்று யாராவது நிதானமாகப் பட்டியல் போட்டுப் பார்த்திருக்கிறார்களா? அது எடுத்துக்கொள்வதைச் சேர்த்தல்லவா பார்க்க வேண்டும். 2023இல் பெங்களூரு நகருக்குள் பத்து கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 28 நிமிடம் ஆனது என்று டாம்டாம் நிறுவனத்தின் போக்குவரத்துக் கணக்கு சொன்னது. அது சராசரி. மழை நாளில், பள்ளி வேனில், எல்லாப் பிள்ளைகளையும் ஏற்றி இறக்கிக்கொண்டு போகிற குழந்தைக்கு எவ்வளவு ஆகும் என்பது அந்த வேனுக்காகக் கேட்டில் நின்ற தாய்மாருக்குத் தெரியும். என் மகள் சென்னையில் வேனிலேயே தூங்கி, தூக்கத்திலேயே இறங்கி, ஏழு மணிக்கு எழுந்து, பதினோரு மணி வரைக்கும் தூங்காமல் அழுவாள். இங்கே காந்தி நகரிலிருந்து நடந்தே பள்ளிக்குப் போகிறாள். மூன்றே முக்காலுக்கு வீட்டில் இருக்கிறாள். அவளுடைய வகுப்பு டீச்சரைக் காய்கறி வாங்கும்போது பார்க்கிறேன். "பாப்பா கணக்குல கொஞ்சம் தடுமாறுறாளுங்க, பெருக்கல ஒருக்கா பாத்துக்குங்க" என்று தக்காளி பொறுக்கிக்கொண்டே சொல்லிவிட்டுப் போகிறார். சென்னையில் இதே தகவல் எனக்கு ஒரு செயலி வழியாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வண்ணக் கட்டங்களாக வரும்.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. பேச்சுப் பயிற்சியோ கற்றல் குறைபாட்டுக்கான சிறப்பு ஆசிரியரோ தேவைப்படும் குழந்தைக்கு உடுமலை போதாது. கோவைக்குத்தான் ஓட வேண்டும், அதுவும் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை. அப்படிப்பட்ட குழந்தை உள்ள வீட்டாரை இங்கே வாருங்கள் என்று நான் அழைக்க மாட்டேன். நீச்சல், ஓவியம், இசை இவற்றுக்கும் நகரத்தில் கிடைக்கிற ஆசிரியர்கள் இங்கே இல்லை. இதெல்லாம் உண்மையான குறை. ஆனால் "படிப்பு என்னாவறது" என்று கேட்கிறவர்கள் ஒருவர்கூட இந்தக் குறைகளைச் சொல்லிக் கேட்டதில்லை.

அடுத்து, நாலு பேரைப் பார்த்தால்தானே உலகம் தெரியும் என்கிறார்கள். என் பிள்ளைகள் சென்னையில் பார்த்த நாலு பேர் யார்? எங்கள் அடுக்ககத்தில் எங்களைப் போலவே மாதச் சம்பளம், எங்களைப் போலவே வீட்டுக்கடன், எங்களைப் போலவே ஒரு கார் வைத்திருந்தவர்களின் பிள்ளைகள். பள்ளியிலும் அவர்களே. பிறந்தநாள் விழாவிலும் அவர்களே. சாப்பாடு கொண்டுவந்து தருகிறவரையும் குப்பை அள்ளுகிறவரையும் லிஃப்டில் பார்ப்பதோடு சரி.

உடுமலை நகராட்சிச் சந்தைக்கு மகனைக் கூட்டிப்போவேன். தக்காளி 14 கிலோப் பெட்டிக் கணக்கில் ஏலம் போகும். கேரளத்து வியாபாரி மேல்தட்டில் அடுக்கியிருக்கிற பழத்தைப் பார்ப்பதே இல்லை. பெட்டிக்குள் கையை விட்டு அடியில் கிடப்பதை எடுத்து, கட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பப் போடுவார். விளைவித்தவர் பக்கத்தில் பேசாமல் நிற்பார். விலையை மற்றவர்கள் கூவுவார்கள். ஒரு மாதம் பெட்டி நல்ல விலைக்குப் போகும். அடுத்த மாதமே பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்று செடியிலேயே விட்டுவிடுவார்கள். "வெளைய வெச்சவரு ஏம்மா வெல சொல்ல மாட்டேங்கறாரு?" என்று மகன் கேட்டான். அந்தக் கேள்வியைப் பொருளாதாரம் படித்தவர்களும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒன்பது வயதில் அது அவனுக்குத் தானாக வந்தது, ஏனென்றால் நிற்கிற மனிதர் அவனுடைய வகுப்புத் தோழனின் அப்பா.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். திருமூர்த்தி அணையை நம்பி 3.77 லட்சம் ஏக்கர் இருக்கிறது. அத்தனைக்கும் ஒரே தவணையில் விடத் தண்ணீர் கிடையாது. அதனால் நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்து விடுகிறார்கள். ஒரு காட்டுக்கு இந்தத் தடவை வாய்க்கால் தண்ணீர் வந்தால் அடுத்த முறை வர இரண்டு வருடம் ஆகும். அந்தத் தண்ணீரும் இங்கே பெய்தது இல்லை. பரம்பிக்குளம் மலைகளிலிருந்து, கேரளத்தோடு 1970இல் போட்ட ஒப்பந்தப்படி, மலைச்சரிவைக் குடைந்தும் வெட்டியும் போட்ட காண்டூர் கால்வாய் வழியாக ஏறத்தாழ 49 கிலோமீட்டர் ஓடி வருகிறது. வழியில் குழாய் போட்டு உறிஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். கடைமடையில் வெள்ளகோவில் பக்கத்து விவசாயிகள் தங்கள் பங்கு வந்து சேரவில்லை என்று போராட உட்காருகிறார்கள். இங்கே டீக்கடையில் "மூணாம் மண்டலத்துக்கு எப்ப உடறாங்களாமா?" என்பது சினிமாவைவிடப் பெரிய பேச்சு. ஒரு பொதுச் சொத்தை ஆயிரக்கணக்கானவர்கள் சண்டையோடும் சட்டத்தோடும் பங்கிட்டுக்கொள்வதை என் பிள்ளைகள் கண்ணால் பார்க்கிறார்கள். 2019 கோடையில் சென்னையில் குடங்களோடு தெருவில் நின்றபோது, லாரி எங்கிருந்து தண்ணீர் கொண்டுவருகிறது என்று எங்கள் அடுக்ககத்தில் பெரியவர்களுக்கே தெரியாது. எந்தப் பிள்ளை உலகத்தைப் பார்க்கிறது?

இதற்கு ஒரு பதில் வரும். பேர் எடுத்தவர்கள் எல்லாரும் ஊரை விட்டுப் போனவர்கள்தானே என்பார்கள். சரிதான். 1899இல் பூளவாடியில் பிறந்த நாராயணகவி சென்னைக்குப் போய்த்தான் திரைப்பாட்டில் புகழ் பெற்றார். ஆனால் உடுமலை முத்துசாமிக் கவிராயரிடம் பாடம் கேட்ட பிறகுதான் போனார். ஊரின் பெயரையும் தன் பெயருக்கு முன்னால் எடுத்துக்கொண்டு போனார். சந்திரயான்–1இன் திட்ட இயக்குநராக இருந்த மயில்சாமி அண்ணாதுரை கோதவாடிக்காரர். பக்கத்து அரசுப் பள்ளிகளிலும், பொள்ளாச்சியிலும் கோவையிலும் இருக்கிற கல்லூரிகளிலும் படித்து முடித்துவிட்டு அப்புறம் பெங்களூர் போனார். இருவர் பெயரைச் சொல்லி வழக்கை ஜெயிக்க எனக்கு விருப்பமில்லை. தனி மனிதரின் உயர்வு ஊருக்குச் சான்றாகாது. நான் கேட்பது வயதைப் பற்றி. பதினெட்டில் போகட்டும். இருபத்திரண்டில் போகட்டும். டெல்லிக்கும் டோக்கியோவுக்கும் போகட்டும். அதற்காக ஐந்து வயதிலிருந்தே நெரிசலில் வளர்க்க வேண்டும் என்று யார் சொன்னது? கோவை இங்கிருந்து எழுபது கிலோமீட்டர். பழனி–பொள்ளாச்சி அகலப்பாதை 2015இல் திறந்த பிறகு சென்னைக்கு ரயில் உடுமலையிலேயே ஏறலாம். போக வேண்டிய வயதில் போவதற்கு வழி திறந்தே இருக்கிறது.

ஆஸ்பத்திரி விஷயத்தில் எதிராளிகள் பக்கம் நியாயம் அதிகம். உடுமலையில் அரசு மருத்துவமனை இருக்கிறது, தனியார் மருத்துவர்கள் இருக்கிறார்கள், சாதாரணக் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் குறையில்லை. ஆனால் குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை என்றால், தலையில் அடிபட்டால், கோவைதான். திருப்பூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறந்தது. அது நமக்கு மாவட்டத் தலைநகரம், ஆனாலும் அறுபது கிலோமீட்டருக்கு மேல். மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் அந்தத் தூரம் உயிர்த் தூரம். நகரத்திலும் ஆம்புலன்ஸ் நெரிசலில் நிற்கிறதே என்று சொல்லி இதை மழுப்ப மாட்டேன். வயதான பெற்றோருக்கு இதய நோய் இருந்தால், பிள்ளைக்குத் தொடர்ந்து சிறப்பு மருத்துவர் பார்க்க வேண்டியிருந்தால், இந்தக் குறை மற்ற எல்லாவற்றையும் விடக் கனமானது. மற்றவர்களுக்கு இது ஊரை விட்டு ஓடுவதற்கான காரணம் ஆகாது. தாலுகா மருத்துவமனைக்கு நரம்பியல் மருத்துவரும் ஸ்கேனும் கேட்டு மனுக்கொடுப்பதற்கான காரணம். கேட்கத் தெரிந்தவர்கள் எல்லாம் நகரத்துக்குப் போய்விட்டால் யார் கேட்பது? சின்ன ஊரில் வசதி இல்லை என்பார்கள். வசதியைக் கேட்டு வாங்கக்கூடிய குடும்பங்களைத்தான் முதலில் வெளியே அனுப்புவார்கள்.

வேலை. இங்கே சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் ஊருக்குத் திரும்புவதைப் பற்றிப் பேசும் இரண்டு தரப்பும் மறைக்கிற விஷயம் இதில்தான் இருக்கிறது. கணவன் மடிக்கணினியில் பெங்களூர் வேலையைத் தொடர்வான். மனைவி வேலையை விட்டுவிடுவாள். "ஒருத்தரு சம்பளத்துலயே இங்க ராஜா மாதிரி இருக்கலாங்க" என்பார்கள். அமுச்சி, அதாவது பாட்டி, குழந்தையைப் பார்த்துக்கொள்வாள், அந்த வேலைக்குக் கூலி என்ற பேச்சே இல்லை. இப்படி நடக்கிற குடிபெயர்வு குழந்தைகளுக்காக நடப்பது இல்லை. ஒரு ஆணின் நிம்மதிக்காக இரண்டு பெண்கள் கொடுக்கிற விலை அது. நான் வேலை பார்த்தது ஒரு தணிக்கை அலுவலகத்தில். என் வேலை என்னாகும் என்று முடிவாகாமல் சாமான் கட்ட விடமாட்டேன் என்று கணவரிடம் சொன்னேன். மாமியார் என் பக்கம் நின்றார்: "அவ சொல்றது நாயந்தானப்பா, படிச்ச புள்ள சும்மா குந்தியிருக்கறதுக்கா வாரா?"

உடுமலையில் வேலை இல்லை என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களின் முடிவு. நூற்பாலைகள் இருக்கின்றன. காற்றாலைகள் இருக்கின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று அடிக்கிற அடியில் பூளவாடிப் பக்கம் ஒரு காடு பாக்கி இல்லாமல் இறக்கை சுற்றுகிறது. தேங்காய், கொப்பரை, தென்னைநார். மைவாடியைச் சுற்றிப் பட்டுப்புழு வளர்ப்பு. இந்த வட்டாரத்து வெண்பட்டுக்கூட்டுக்குத் தனிப் பெயர் உண்டு. இன்று நாடெங்கும் நடக்கிற கறிக்கோழி ஒப்பந்தப் பண்ணை முறையை வளர்த்தெடுத்த சுகுணா நிறுவனம் 1980களில் உடுமலையில் இரண்டு சகோதரர்கள் தொடங்கியது. இந்தத் தொழில்கள் ஒவ்வொன்றுக்கும் கணக்கு எழுத ஆள் வேண்டும், ஜிஎஸ்டி தாக்கல் செய்ய ஆள் வேண்டும், ஏற்றுமதிக் காகிதம் பார்க்க ஆள் வேண்டும், இயந்திரம் பழுது நீக்க, தரம் பார்க்க, மென்பொருள் எழுத ஆள் வேண்டும். கோவைக்கு அனுப்பிச் செய்துகொண்டிருந்த வேலையை இன்று நான் இரண்டு மில்களுக்கும் ஒரு கொப்பரைக் களத்துக்கும் இங்கேயே செய்கிறேன். சென்னைச் சம்பளம் இல்லை. அதை ஒளிக்கவில்லை. கணினித் துறையில் மேலே ஏற நினைக்கிறவர்களுக்கும், ஆராய்ச்சியில் இருப்பவர்களுக்கும் உடுமலை இன்று போதாது. கோழிப் பண்ணைக்காரர்கள் வளர்ப்புக் கூலிக்காகப் போராடுவதும், தென்னையை வெள்ளை ஈயும் வாடல் நோயும் தின்பதும் இதே ஊரில்தான். தொழில் இருக்கிற ஊரில்தானே தொழில் கஷ்டமும் இருக்கும்.

அதனால்தான் ஓய்வெடுக்க ஊருக்குப் போகலாம் என்று பாடுகிறவர்களோடும் எனக்கு ஒத்துவராது. தென்னந்தோப்பு நிழல், செக்கு எண்ணெய், நாட்டுமாடு என்று காணொளி போட்டுப் பண்ணை மனை விற்கிறார்கள். செலவு பாதியாகும் என்கிறார்கள், ஆகாது. வாடகை குறையும், கோவைக்கு ஓடும் பெட்ரோல் கூடும். இவர்களுக்கும் உடுமலையில் நடக்கிற வேலை எதுவும் கண்ணில் படுவதில்லை. எங்கள் ஊரைத் தோற்றவர்கள் வந்து ஒதுங்கும் இடமாகப் பார்க்கிறவர்களும், களைத்தவர்கள் வந்து படுக்கும் இடமாகப் பார்க்கிறவர்களும் சேர்ந்து செய்யும் தீங்கு ஒன்றுதான். இங்கே இருக்கிற அறுபதாயிரம் சொச்சம் மக்கள் முழுநேரமாக வாழ்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ளாதது.

இனி, அவர்கள் கேட்காத கேள்வி. சின்ன ஊருக்குப் போகத் தயங்குவதற்கு உண்மையிலேயே கனமான காரணம் ஒன்று உண்டு. படிப்பு, ஆஸ்பத்திரி, வேலை என்று மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் அதை மட்டும் தொடுவதில்லை. அது சாதி.

இங்கே புதிதாக வந்தவரிடம் மூன்று கேள்வி கேட்பார்கள். எந்த ஊருங்க? எந்தத் தோட்டம்? யாரு வீட்டுப் புள்ளைங்க? மூன்றாவது பதிலில் கேட்டவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். வாடகைக்கு வீடு உண்டா இல்லையா என்பதும் அதில் முடிவாகும். 2016 மார்ச் 13ஆம் தேதி, பட்டப்பகலில், உடுமலைப் பஸ் ஸ்டாண்டு அருகே, கொமரலிங்கத்தைச் சேர்ந்த சங்கர் என்ற இருபத்திரண்டு வயதுப் பொறியியல் மாணவரை வெட்டிக் கொன்றார்கள். அவர் தலித். சாதி கடந்து தன்னை விரும்பிய கௌசல்யாவை மணந்ததுதான் காரணம். கௌசல்யாவையும் வெட்டினார்கள், அவர் பிழைத்தார். கேமராவில் பதிவானதை நாடே பார்த்தது. 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் அவர்களில் ஒருவரான கௌசல்யாவின் தந்தையை விடுவித்து, மற்ற ஐந்து பேரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. அந்த இடத்தைத் தாண்டித்தான் என் பிள்ளைகளும் பஸ் ஏறுகிறார்கள்.

கிராமத்தைப் புகழ்ந்தவர்களுக்கு 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் சொன்ன மறுப்பு இன்றைக்கும் நிற்கிறது. ஒரு தலித் குடும்பம் "நாங்கள் சென்னையிலேயே இருந்துகொள்கிறோம், இங்கே எங்களை யார் என்று கேட்கிறவர்கள் குறைவு" என்றால் அதற்கு மறுப்பு எழுத எனக்கு வாயில்லை. ஊருக்குத் திரும்புங்கள் என்ற யோசனை எல்லாருக்கும் ஒரே யோசனை ஆகாது. நகரத்திலும் சாதி கேட்டு வீடு கொடுக்கிறார்கள். ஆனால் அடுத்த தெருவில் கேட்காமல் கொடுக்கிறவரும் கிடைப்பார். சின்ன ஊரில் அந்த அடுத்த தெரு இல்லை.

ஆனால் பாருங்கள், "புள்ளைங்க படிப்பு என்னாவறது" என்று என்னிடம் கேட்டவர்கள் பெரும்பாலும் இந்த மண்ணில் சாதியால் லாபம் அடைந்தவர்கள். நானும் அந்த வீட்டில் பிறந்தவள்தான். எங்களுக்கு வாடகைக்கு வீடு ஒரே நாளில் கிடைத்தது. எதனால் கிடைத்தது என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளைப் பற்றி இவர்களுக்கு உண்மையிலேயே கவலை இருந்தால், என் மகள் யாரோடு பழகுகிறாள் என்று வேவு பார்க்கிற ஊரில் அவள் எப்படி வளர்வாள் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவர்களுக்கு அது குறையாகவே படவில்லை. சிலருக்கு அது பெருமை: "நம்ம ஊர்லன்னா புள்ளைங்க கட்டுக்குள்ள இருக்குமுங்க."

மேலே சொல்வதாகச் சொன்ன பயம் இதோடு சேர்ந்ததுதான். கல்யாண வீட்டில் "பையன் எங்கிருக்கறானுங்க?" என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு நகரத்தின் பெயர் வேண்டும். சம்பந்தம் பேசும்போது அந்தப் பெயருக்கு ஒரு விலை இருக்கிறது. மகன் உடுமலையில் இருக்கிறான் என்று சொல்ல நேர்ந்தால் அப்பாவுக்குத் தலை குனிகிறது. பேரப்பிள்ளைகளின் படிப்பு அந்தத் தலைகுனிவுக்குப் போர்த்திய துணி. அதை விலக்கிப் பார்த்தால் நேரம் தவறாமல் தூங்கும் ஒரு குழந்தை இருக்கிறது, பள்ளிக்கு நடந்துபோகிற ஒரு குழந்தை இருக்கிறது, சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா அம்மா இரண்டு பேரையும் பார்க்கிற ஒரு குழந்தை இருக்கிறது. இவற்றைப் படிப்புக்கு எதிராக வைத்து எடைபோட யாருக்கும் மனம் வருவதில்லை.

எனக்கு இந்த ஊரில் சண்டை போட வேண்டியிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மகளின் பிறந்தநாளுக்கு வந்த பிள்ளைகளில் ஒருத்திக்கு மட்டும் தனி டம்ளர் எடுத்த உறவுக்காரப் பெண்ணிடம், எல்லார் முன்னாலும், அந்த டம்ளரை வாங்கி நான் குடித்தேன். அவர் அப்புறம் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. வராமலே இருக்கட்டும். சென்னையில் இருந்திருந்தால் அந்தச் சிறுமி எங்கள் வீட்டுக்கு வந்திருக்கவே மாட்டாள். அவள் படிக்கிற பள்ளி வேறாக இருந்திருக்கும், அந்தத் தீண்டாமை என் மகள் கண்ணுக்குப் படாமலே நடந்திருக்கும்.

வருகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சென்னை வீட்டை அவசரப்பட்டு விற்காதீர்கள். முதலில் வாடகைக்கு இருந்து பாருங்கள். மனைவியின் வேலை முடிவாகாமல் லாரி பேசாதீர்கள். பெற்றோரைக் குழந்தை பார்க்கும் ஆளாக்க வருவதாக இருந்தால் அவர்களிடமே முதலில் கேளுங்கள். மறுக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. தோட்டத்துச் சாளையில் குடியிருக்க ஆசைப்படாமல் டவுனுக்குள்ளேயே பள்ளிக்கு நடக்கிற தூரத்தில் வீடு பாருங்கள், இல்லையென்றால் மறுபடியும் வேன்தான். சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே, ஜூன் மாதப் பள்ளித் திறப்புக்கு முன்னால் வந்துவிடுங்கள். பத்தாம் வகுப்பு, பதினோராம் வகுப்புப் பிள்ளையைப் பாதியில் பிடுங்கிக்கொண்டு வராதீர்கள். அந்த வயதில் அவர்களுக்கு அங்கே சிநேகிதர்கள் இருக்கிறார்கள், அவர்கள் படித்து முடிக்கும் வரை நீங்கள்தான் காத்திருக்க வேண்டும்.